இயற்கணிதச் சொற்கணக்குகள்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்குச் சொல்லித் தருகிறவர்களும், வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து மல்லுக்கட்டுகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. ஒரு சின்னக் குறிப்பு. தெரியாத எண்ணுக்கு எக்ஸ், ஒய் போடாமல் இங்கே ம, ந என்று எழுதியிருக்கிறேன். மாறிக்கு ம. க, உ, ச என்றும் வைத்திருக்கலாம், ஆனால் பழைய தமிழ் எண்களில் அவை 1, 2, 4 ஆகிவிடும். வகுப்பில் நீங்கள் வழக்கம்போல எக்ஸ் போடுங்கள்.

"2ம + 7 = 31" என்று கொடுத்தால் சட்டென்று போட்டுவிடுகிறாள். அதையே வாக்கியமாகக் கொடுத்தால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏன்?

இரண்டும் வேறு வேறு வேலை என்பதால்தான். சமன்பாட்டைத் தீர்ப்பது கைப்பழக்கம். பக்கம் மாற்று, குறி மாற்று, வகு. பத்து நாள் பழகினால் வந்துவிடும். சொற்கணக்கில் சமன்பாடு இன்னும் பிறக்கவே இல்லை. நாலு வரியைப் படித்து, எந்த எண் யாருடையது, எது தெரியும், எது தெரியாது, எது எதற்குச் சமம் என்று பிரித்த பிறகுதான் அது பிறக்கும்.

நாம் பாடம் நடத்தும் விதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தீர்ப்பதற்கு மூன்று பாடவேளை ஒதுக்குகிறோம். சமன்பாடு எப்படி வந்தது என்பதை "எனவே, கணக்கின்படி" என்று ஒரே வரியில் கரும்பலகையில் தாண்டிவிடுகிறோம். பிள்ளை தொலைந்துபோவது அந்த ஒரு வரியில்தான்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கணக்கை ஒரு முறை படிக்கச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். "கதையைச் சொல்லு" என்று கேளுங்கள். "ஒரு 12 இருந்துச்சு சார், அப்புறம் ஒரு 5" என்பார்கள். 12 யாருடையது என்று கேட்டால் தெரியாது. கதையைச் சொந்த வாயால் சொல்ல வரும்வரை பேனாவைத் தொடவிடாமல் இருப்பது என் வழக்கம். முதல் இரண்டு வாரம் நேரம் வீணாவதுபோல் இருக்கும்.

எந்த வகுப்பில் தொடங்க வேண்டும்?

தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆறாம் வகுப்பிலேயே இயற்கணிதம் அறிமுகமாகிவிடுகிறது. எட்டில் ஒரு மாறி, ஒன்பதில் இரண்டு, பத்தில் மூன்று மாறிகளும் இருபடிச் சமன்பாடும். கதையைச் சொல்லிப் பழகுவதை மூன்றாம் வகுப்புக் கூட்டல் கழித்தல் கணக்கிலேயே தொடங்கிவிடலாம். அதற்கு எழுத்து எதுவும் தேவையில்லை.

முதல் நாள் என்ன கணக்குக் கொடுக்கலாம்?

நான் புறாக் கணக்கைத்தான் கொடுப்பேன். தாத்தா பாட்டி சொல்லி எல்லோரும் கேட்டிருக்கும் விடுகதை. வானத்தில் போகும் புறாக் கூட்டத்தைப் பார்த்து ஒரு பருந்து, "நூறு பேரும் எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்று கேட்டதாம். தலைமைப் புறா சொன்னதாம்: "நாங்கள் நூறு இல்லை. நாங்களும், எங்கள் அளவு இன்னொரு கூட்டமும், எங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், கூட நீயும் சேர்ந்தால்தான் நூறு." புறாக்கள் எத்தனை?

சமன்பாடு என்ற பேச்சையே எடுக்காதீர்கள். "ஆளுக்கு ஓர் எண் சொல்லுங்கள், சரியா என்று பார்ப்போம்" என்று மட்டும் கேளுங்கள். முதலில் ஒருவன் 50 என்பான். 50-ம் 50-ம் சேர்ந்தாலே நூறு ஆகிவிட்டது, பாதிக்கு இடமில்லை என்று அடுத்தவனே அவனை உட்கார வைத்துவிடுவான். 40 என்று ஒரு குரல் வரும். கரும்பலகையில் எழுதுங்கள்: 40 + 40 + 20 + 10 + 1 = 111. அதிகம். 32 வைத்தால் 32 + 32 + 16 + 8 + 1 = 89. குறைவு. 35 என்று யாராவது சொன்னால் வகுப்பே சிரிக்கும், ஏனென்றால் பாதிப் புறா பறக்காது. பாதியும், பாதியில் பாதியும் முழு எண்ணாக வர வேண்டுமானால் எண் நான்கால் வகுபட வேண்டும். 32-க்கும் 40-க்கும் நடுவில் அப்படி இருப்பது 36 மட்டும்தான். 36 + 36 + 18 + 9 + 1 = 100. முடிந்தது.

விடை வந்துவிட்டதே என்று அடுத்த கணக்குக்குப் போய்விடக்கூடாது. பாடம் இனிமேல்தான் இருக்கிறது. கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் மூன்று வரிகளைக் காட்டி, "மூன்றிலும் நாம் செய்தது என்ன?" என்று கேளுங்கள். எண், அதே எண், அதில் பாதி, அதில் கால், ஒன்று. "எண்ணைச் சொல்லாமலேயே இந்த வரியை எழுத முடியுமா?" ம + ம + ம/2 + ம/4 + 1 = 100. இதை நீங்கள் எழுதித் தரவில்லை, பிள்ளைகளே எழுதினார்கள். ஊகித்துச் சரிபார்ப்பது இயற்கணிதத்துக்கு எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை வாசற்படியாகவே பார்க்கிறேன். எந்தச் சொற்கணக்கிலும் சமன்பாடு தெரியாமல் நிற்கும் பிள்ளையிடம், "விடை 20 என்று வைத்துக்கொள், அது சரியா தப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேளுங்கள். அவள் சரிபார்க்கச் செய்யும் வழிதான் சமன்பாடு. 20 இருந்த இடத்தில் ம வைக்க வேண்டியதுதான் பாக்கி.

நேரம் இருந்தால் மூன்றாவது வழியையும் காட்டுங்கள். புறா 4 என்று பொய்யாக வைத்துக்கொள்வோம். 4 + 4 + 2 + 1 = 11. பருந்தைக் கழித்தால் நமக்கு வேண்டியது 99. அது 11-ஐப் போல் 9 மடங்கு. ஆகவே 4 × 9 = 36. ஏறக்குறைய 3500 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தின் ரைண்டு பாப்பிரஸ் ஏட்டில், ஒரு தொகையும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19 என்ற கணக்கை இப்படித்தான் 7 என்று பொய்யாக வைத்துக்கொண்டு போட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் மனக்கணக்காகச் சட்டென்று விடை சொல்வதற்கும் இந்த வழி போதும்.

அடுத்த நாளுக்கு பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதியின் வண்டுக் கணக்கு பொருத்தமாக இருக்கும். வண்டுக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு பூவுக்கும், மூன்றில் ஒரு பங்கு இன்னொரு பூவுக்கும், இந்த இரண்டு பங்குகளின் வித்தியாசத்தைப் போல் மூன்று மடங்கு வேறொரு பூவுக்கும் போயின. ஒரே ஒரு வண்டு மட்டும் எங்கும் உட்காராமல் சுற்றுகிறது. கூட்டத்தில் எத்தனை? விடை 15.

"எக்ஸ் என்க" என்று எழுதிவிடுகிறான். அதற்கு மேல் ஓடவில்லை.

எதை எக்ஸ் என்க? பெரும்பாலான விடைத்தாள்களில் "பேனா = எக்ஸ்" என்றிருக்கும். பேனா என்பது பொருள். பேனாவின் விலையா, எண்ணிக்கையா, நீளமா? எழுத்து எப்போதும் ஓர் எண்ணைத்தான் குறிக்க வேண்டும், அலகோடு. "ஒரு பேனாவின் விலை ம ரூபாய்" என்று முழு வாக்கியமாக எழுத வைக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு நாமும் ஒரு காரணம். "மூன்று ஆப்பிளும் இரண்டு ஆப்பிளும் ஐந்து ஆப்பிள், அதுபோல 3அ + 2அ = 5அ" என்று ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அன்றைக்குப் பாடம் சுலபமாக முடிந்துவிடுகிறது. ஆனால் எழுத்து என்றால் பழம் என்று அன்று பதிந்தது ஒன்பதாம் வகுப்புவரை கூடவே வருகிறது. பொருளின் முதல் எழுத்தையே மாறியாக வைப்பதையும் தொடக்கத்தில் தவிர்க்கலாம். நம் பழைய கணிதர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தெரியாத எண்களுக்கு காளகம், நீலகம், பீதகம் என்று கறுப்பு, நீலம், மஞ்சள் நிறப் பெயர்களை வைத்தார்கள். நிறத்தைப் பழம் என்று யாரும் நினைக்கப் போவதில்லை!

"மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி" என்று குறிச்சொல் பட்டியல் கொடுக்கலாமா?

வேண்டாம். இந்த விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை. "ராஜாவிடம் 20 ரூபாய் இருக்கிறது. இது கண்ணனிடம் இருப்பதை விட 5 ரூபாய் அதிகம். கண்ணனிடம் எவ்வளவு?" அதிகம் என்றால் கூட்டு என்று பட்டியலில் படித்த பிள்ளை 25 என்று எழுதுகிறது. பட்டியல் எளிய கணக்கில் கைகொடுக்கும், கடினமான கணக்கில் கையை விட்டுவிடும். அதைவிட மோசம், படிக்காமலேயே தப்பிக்கலாம் என்ற பழக்கத்தை அது உண்டாக்குகிறது.

அந்தப் பழக்கம் எதுவரை போகும் என்பதற்குப் பிரான்சில் நடந்த ஒரு சோதனை உண்டு. 1980 வாக்கில் கிரெனோபில் நகர ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம், "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?" என்று கேட்டார்கள். 97 பேரில் 76 பேர் இருந்த எண்களை வைத்தே ஒரு விடை சொன்னார்கள். சிரிக்க வேண்டாம், இப்படி ஒன்றை நம் வகுப்பிலும் கேட்டுப் பார்க்கலாம். நான் மாதம் ஒரு முறை விடையே இல்லாத கணக்கு ஒன்றை நடுவில் செருகிவிடுவேன்.

பிள்ளைகள் எந்தச் சொற்களில் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்?

"மூன்றில் இரண்டு பங்கு." தமிழில் பகுதி (கீழே எழுதும் எண்) முதலில் வருகிறது, தொகுதி (மேலே எழுதும் எண்) பின்னால். காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 3/2 ஆகிவிடும். ஐந்தாம் வகுப்பிலேயே தீர்ந்திருக்க வேண்டிய சிக்கல். பத்தாம் வகுப்பிலும் பார்க்கிறேன்.

"மீதியில் பாதி." மொத்தத்தில் பாதியா, மீதியில் பாதியா? சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்கும் மீதியில் பாதி மளிகைக்கும் போனால், மளிகைக்குப் போனதும் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு முறை காகிதத்தை மடித்துக் காட்டிவிட்டால் மறக்காது.

"மூன்று மடங்கு அதிகம்." இது சொல்லின் குற்றம், பிள்ளையின் குற்றமில்லை. 3ம என்று சிலரும், ம + 3ம என்று சிலரும் கொள்வார்கள். வினாத்தாள் தயாரிப்பவர்கள் "மூன்று மடங்கு" என்று நிறுத்திக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.

எல்லாவற்றிலும் பெரிய பள்ளம், மடங்கைத் தலைகீழாக எழுதுவது. "ஒவ்வோர் ஆசிரியருக்கும் 6 மாணவர்கள்" என்று படித்துவிட்டு, மாணவர் எண்ணிக்கை ம, ஆசிரியர் எண்ணிக்கை ந என்று வைத்து 6ம = ந என்று எழுதிவிடுவார்கள். 6 மாணவர் பக்கத்தில் நிற்கிறதே என்ற எண்ணம்தான். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இதே மாதிரிக் கணக்கைப் பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுத்தபோது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் தவறவிட்டார்கள், பெரும்பாலும் இதே தலைகீழ்தான். ஆகவே எட்டாம் வகுப்புப் பிள்ளையைத் திட்டாதீர்கள். எண் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிரியர் 10 என்றால் மாணவர் 60. 6 × 60 = 10 ஆகுமா? எது சிறிய எண்ணிக்கையோ அதைத்தான் ஆறால் பெருக்கினால் பெரியதற்குச் சமமாகும். ம = 6ந.

தமிழ் நமக்கு உதவும் இடமும் ஒன்று உண்டு. "ஓர் எண்ணை விட 5 குறைவு" என்பதில் எண் முதலில் வருகிறது, 5 பின்னால் வருகிறது. அப்படியே ம − 5 என்று எழுதலாம். ஆங்கிலத்தில் 5 முன்னால் வந்துவிடுவதால் 5 − ம என்று எழுதிவிடுகிறார்கள்.

அப்படியானால் ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு?

கணக்கை ஆங்கிலத்தில் படிக்கட்டும், கதையைத் தமிழில் சொல்லட்டும், அப்புறம் ஆங்கிலத்தில் எழுதட்டும். வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று வைத்திருக்கும் பள்ளிகள் கணக்குப் பாடவேளைக்காவது விலக்குத் தரலாம்.

படம் வரைவது சின்னப் பிள்ளை வேலை இல்லையா?

இல்லை. சிங்கப்பூர்த் தொடக்கப் பள்ளிகளில் 1980களிலிருந்து பட்டைப் படம் வரைந்தே இந்தக் கணக்குகளைப் போடப் பழக்குகிறார்கள். ஓர் உதாரணம். ஒரு பேனா ஒரு பென்சிலை விட 12 ரூபாய் அதிகம். 3 பேனாவும் 4 பென்சிலும் சேர்ந்து 78 ரூபாய். பென்சிலுக்கு ஒரு சிறிய கட்டம் வரையுங்கள். பேனாவுக்கு அதே கட்டம், அதோடு ஒட்டி 12 என்று எழுதிய ஒரு துண்டு. மொத்தம் 7 கட்டம், 3 துண்டு. துண்டுகள் மட்டும் 36. 78-இல் 36 போனால் 42, அதை ஏழாகப் பிரித்தால் 6. பென்சில் 6 ரூபாய், பேனா 18. பக்கத்திலேயே 3(ம + 12) + 4ம = 78 என்று எழுதி, எந்தக் கட்டம் எந்த உறுப்பு என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அடைப்புக்குறி ஏன் வந்தது என்று அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்காது.

வயதுக் கணக்கு என்றாலே ஓடுகிறார்கள்.

வயதுக் கணக்கில் காலம் நகர்கிறது, அதுதான் தொல்லை. "அப்பாவின் வயது மகனின் வயதைப் போல் 4 மடங்கு. 5 ஆண்டுகள் கழித்து 3 மடங்காகும்." இரண்டு வரி, இரண்டு நிரல் அட்டவணை போட வையுங்கள். இன்று: மகன் ம, அப்பா 4ம. ஐந்து ஆண்டு கழித்து: மகன் ம + 5, அப்பா 4ம + 5. இரண்டாவது நிரலில்தான் மூன்று மடங்கு: 4ம + 5 = 3(ம + 5). ம = 10, அப்பாவுக்கு 40.

வழக்கமான தவறு 4ம + 5 = 3ம என்று எழுதுவது. அப்பாவுக்கு மட்டும் வயதாகிறது, மகன் அப்படியே நிற்கிறான்! விடை −5 என்று வரும்போது, மகன் இன்னும் பிறக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே அவர்களே திருத்திவிடுவார்கள். அப்புறம், கேட்டது அப்பாவின் வயதாக இருக்கும், இவர்கள் ம = 10 என்று கோடு போட்டு முடித்துவிடுவார்கள். கணக்கின் கடைசி வரியை மறுபடி படித்துவிட்டே விடையை எழுத வேண்டும்.

ஈரிலக்க எண் கணக்கு?

இலக்கங்கள் ம, ந என்றால் எண் மந இல்லை, அது பெருக்கல். 10ம + ந. "இலக்கங்களின் கூடுதல் 9, இடம் மாற்றினால் எண் 27 கூடுகிறது" என்ற கணக்கில் ந − ம = 3 என்று சுருங்கி விடை 36 வரும். மறுபடியும் புறாக்கள்.

வேலையும் நாளும் வரும் கணக்குகளில் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைத்தால் போதாதா?

தேர்வுக்குப் போதும், அடுத்த வாரத்துக்குப் போதாது. ஒருவர் 12 நாளிலும் மற்றவர் 6 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? 18 என்றும் 9 என்றும் விடைகள் வரும். போடுவதற்கு முன்னால், "வேகமான ஆள் தனியாகவே 6 நாளில் முடித்துவிடுகிறார். துணைக்கு ஆள் வந்தால் நாள் கூடுமா குறையுமா?" என்று கேட்டுவிட்டால் அந்த இரண்டு விடைகளும் வரவே வராது. ஒரு நாள் வேலை 1/12 + 1/6 = 1/4. நான்கு நாள்.

விடையைச் சரிபார்க்கச் சொன்னால் சமன்பாட்டில் பிரதியிட்டுவிட்டுச் சரி என்கிறார்கள்.

சமன்பாடே தவறாக இருந்தால் அந்தப் பிரதியிடல் எதைக் காட்டும்? கதையில் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். அமெரிக்காவில் தேசிய அளவில் 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரு கணக்கு இது: ஒரு பேருந்தில் 36 வீரர்கள் ஏறலாம், மொத்தம் 1128 பேர், எத்தனை பேருந்து வேண்டும்? 29 சதவீதம் பேர் "31, மீதி 12" என்று எழுதினார்கள். 32 என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான். வகுத்தது சரி. ஆனால் மீதி 12 பேரை ரோட்டில் நிறுத்திவிட்டார்கள்.

இருபடிச் சமன்பாட்டிலும் இதே கதைதான். நீளம் அகலத்தை விட 4 மீட்டர் அதிகம், பரப்பு 96 சதுர மீட்டர் என்றால் அகலம் 8 அல்லது −12. அகலம் குறை எண்ணாக இருக்காது, ஆகவே −12-ஐ விடுகிறோம். அந்தக் காரணத்தை எழுத வையுங்கள். இல்லையென்றால் "குறை எண் வந்தால் அடித்துவிடு" என்று ஒரு விதியாக மனதில் உட்கார்ந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு முழுக்களின் பெருக்கற்பலன் 56 என்ற கணக்கில் 7, 8 மட்டுமில்லை, −8, −7 என்பதும் சரியான விடைதான்.

ஊகித்தே சரியான விடையைக் கண்டுபிடித்த மாணவனுக்கு மதிப்பெண் தரலாமா?

வகுப்புத் தேர்வில் நான் தருவேன், ஊகங்களை வரிசையாக எழுதிக் காட்டியிருந்தால். அதே தாளில் அடுத்த கணக்காக விடை பின்னமாக வருகிற ஒன்றை வைத்துவிடுவேன். அங்கே ஊகம் அலைக்கழிக்கும், சமன்பாடு ஏன் வேண்டும் என்று தானே புரியும். பொதுத்தேர்வில் இந்தத் தாராளம் கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அங்கே படிகளைப் பார்த்துத்தான் மதிப்பெண்.

ஒரே வகைக் கணக்கை இருபது போட வைத்தால் பழகிவிடாதா?

பழகும், கை மட்டும். வயதுக் கணக்கு என்று தலைப்புப் போட்டு இருபது கொடுத்தால் ஐந்தாவதிலிருந்து யாரும் வாக்கியத்தைப் படிப்பதில்லை, எண்ணை மட்டும் எடுத்து முந்தைய கணக்கின் வார்ப்பில் ஊற்றுகிறார்கள். வகைக்கு மூன்று போதும். அப்புறம் எல்லாவற்றையும் கலந்து, தலைப்பில்லாமல் கொடுங்கள். சில நாள் "சமன்பாட்டை மட்டும் எழுது, தீர்க்க வேண்டாம்" என்று பத்துக் கணக்குக் கொடுப்பேன். பிள்ளைகளுக்கு அது பாதி விடுமுறை மாதிரி, எனக்கு அதுதான் முழு வேலை.

எனக்கே கணக்கு வராது. வீட்டில் என் மகளுக்கு எப்படி உதவுவது?

வராமல் இருப்பது ஒரு வகையில் நல்லதுதான், போட்டுக் கொடுத்துவிட மாட்டீர்கள். "எனக்குப் புரியவில்லை, கதையை எனக்குச் சொல்லு" என்று உட்காருங்கள். "இந்த 5 யாருடையது?" "விடை ஏறக்குறைய எவ்வளவு இருக்கும், பத்தா நூறா?" இந்த இரண்டு கேள்வி போதும்.

ஞாயிற்றுக்கிழமையில் திருப்பிப் போடுங்கள். 5ம + 20 = 145 என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, இதற்கு ஒரு கதை கட்டச் சொல்லுங்கள். ஐந்து பரோட்டாவும் இருபது ரூபாய்க்கு ஒரு டீயும் என்று ஒரு பெண் எழுதிக் கொண்டுவந்தாள். போட்டுப் பார்த்தால் பரோட்டா 25 ரூபாய். "எந்தக் கடையில்மா பரோட்டா இருபத்தஞ்சு ரூபாய்?" என்று கேட்டதற்கு, "இருபது ரூபாய்க்கு டீ விக்கிற கடையில சார்" என்றாள்.